டெப்போடு வந்த டீச்சர்

இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இன்று பதுளையில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்குக் கூட்டம். பேசிய அதிகாரி எனக்குப் பிறகு ஆசிரியராகச் சேர்ந்து, எனக்கு மேலே போனவர்.

"டெப்ல படிச்ச நம்ம புள்ளைங்க சிங்களத்துல எங்கயோ போயிட்டாங்க. ஆய்வே சொல்லுது" என்றார்.

அந்த ஆய்வு எங்கள் பாடசாலைகளில்தான் நடந்தது. சிங்களம் கற்பிக்கும் டெப், அதாவது கைக்கணினி, கொடுத்த வகுப்புகளுக்கு மட்டும் ஒரு சிங்கள டீச்சரையும் அனுப்பினார்கள்; மற்ற வகுப்புகளுக்கு இரண்டும் இல்லை. பிள்ளைகள் டெப்பில் கேட்டதை அவரிடம் பேசிப் பார்த்தார்கள். என் வகுப்பில் யாரோடும் பேசாத ஒரு சிறுமி, வீட்டுக் கோழி முட்டையிட்ட கதையை அவரிடம் சிங்களத்தில் சொன்னாள்.

ஆய்வு முடிந்தது. டெப் இருக்கிறது, டீச்சர் போய்விட்டார். இப்போது அவள் படத்தைப் பார்த்துச் சரியான விடையைத் தொடுகிறாள். வாய் திறப்பதில்லை.

ஹல்துமுல்லையிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் எழுந்து கேட்டார்: "சேர், புள்ளைங்க படிச்சது டெப்னாலயா, டீச்சர்னாலயா?"

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர். டெப் லீவு கேக்காது, ட்ரான்ஸ்பரும் கேக்காது!"

சபை சிரித்தது. இனி சிங்கள ஆசிரியர்கள் தேவையில்லை என்று மேலிடத்துக்கு எழுதப்போகிறாராம்.

டெப்பை நான் குறை சொல்லவில்லை. டீச்சர் இல்லாமல் ஒரு வகுப்பிலாவது சோதித்துப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் பாடசாலையிலும் இதுதான் கதையா? கீழே சொல்லுங்கள்.

என் இடமாற்ற விண்ணப்பம் அந்த அதிகாரியின் மேசையில் கிடப்பதால் பெயர் போடாமல் பதிவிடுகிறேன். எழுதியது யார் என்று தேடுவார். சிங்கள ஆசிரியர் இல்லாத பாடசாலைகளிலிருந்து தேடத் தொடங்கட்டும். அப்படியாவது அவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்.