பாரீஸ் நேரம் காட்டும் என் வாட்ச்

போன மே மாதம், சென்னையிலிருந்து பாரீஸ் போகும் விமானத்தில் நடந்தது இது. பாண்டிச்சேரி உழவர்கரையில் டிபன் கடை வைத்திருக்கும் எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். பாரீஸில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் அம்மா கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் பிரசவ அறைக்குள் போவாள். நான் வராமல் உள்ளே போகமாட்டேன் என்று மகள் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள்.

நாள் இன்னும் இருக்கிறது என்று நிதானமாகக் கிளம்பினேன். விமானம் ஏறும் நேரத்தில் மாப்பிள்ளையின் போன்: வலி எடுத்துவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிக்கெட்டைப் பார்த்தேன். காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, மாலை நாலுக்குப் போய்ச் சேரும். ஏழு மணி நேரம்தானே, பாண்டியிலிருந்து பஸ்ஸில் மதுரை போகிற நேரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வழியெல்லாம் ஜெபமாலையும் வாட்ச்சும்தான்.

வாட்ச்சில் நாலு ஆனதும் எழுந்தேன். மேலேயிருந்து பிரசவ லேகியம் வைத்திருந்த பையை இறக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தேன். பணிப்பெண் பதறி வந்து உட்காரச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரமாகியும் ஏன் இறக்கவில்லை என்று தமிழிலேயே சண்டை போட்டேன்.

பக்கத்து இருக்கையில் பர்தா அணிந்த ஓர் இளம்பெண். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், எழுந்து வந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தாள்.

“அக்கா, உங்க பேச்சுலயே தெரியுது, நானும் பாண்டிதான். டிக்கெட்ல போட்டிருக்கறது அந்த ஊரு டைம். இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு.”

அவ்வளவுதான், அழுதுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் பரபரப்பு தொற்றிக்கொண்டது. என் வாட்ச்சைக் கழற்றி முள்ளைப் பின்னுக்குத் திருப்பிக் கட்டிவிட்டாள்.

“தலைப்பிரசவம் அவ்ளோ சீக்கிரம் ஆவாதுக்கா. அல்லா நம்மள கொண்டுபோய் சேத்துடுவான்.”

எங்கள் முன்னால் இருந்த திரையில் ஒரு குட்டி விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே மீதித் தூரம் கிலோமீட்டர் கணக்கில் குறையும். இருவரும் கண்கொட்டாமல் அதையே பார்த்தோம். முன் வரிசைக்காரர்கள்கூடத் திரும்பித் திரும்பி விசாரித்தார்கள். ஒருவழியாக விமானம் தரையிறங்கி நின்றதும் அவள் எழுந்து பிரெஞ்சில் ஏதோ உரக்கச் சொன்னாள். அத்தனை பேரும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

வெளியே அவள் கணவர் கார் வைத்திருந்தார். அவர்கள் வீடு எதிர்த் திசையாம். நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் விட்டார்கள். லேகியப் பையோடு ஓடினேன். மகளைப் பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கட்டிலோடு ஓடிக்கொண்டே நெற்றியில் சிலுவை போட்டேன். “வந்துட்டியாம்மா” என்றாள். பேத்தி பிறந்து, நான் மூச்சுவிட்டுத் திரும்பிப் பார்க்கையில் அவர்கள் போய்விட்டிருந்தார்கள். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேனே என்று இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகும் அந்த வாட்ச்சை நான் மாற்றவில்லை. நேரம் குழம்பி வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஆனாலும், முன்பின் தெரியாத ஒருத்தி என் மகளுக்காகத் திருப்பி வைத்த முள்ளை மறுபடி திருப்ப எனக்குக் கை வரவில்லை.