யாருடைய ஜெபத்துக்கோ சொன்ன ஆமென்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

நான் மீன் மார்க்கெட்டில் ஏலம் விடுபவன். விடியற்காலையில் வாயைத் திறந்தால் தொண்டை கட்டும்வரை மூடமாட்டேன். பட்டப்பெயர் லவுட்ஸ்பீக்கர். இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மகள், நாலு வயதாகியும் ‘அப்பா’ என்றுகூடச் சொல்லவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, நாக்கிலும் கோளாறில்லை என்றார் டாக்டர். “வரும்... பொறுங்க.” எவ்வளவுதான் பொறுப்பது? ராத்திரி அவள் தூங்கும்போது அந்த வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் சபைப் போதகர் வருடத்துக்கு ஒருமுறை மௌன தியானம் நடத்துவார். ஊருக்கு வெளியே ஒரு பழைய இல்லம். ஆளுக்கு ஓர் அறை. இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசக்கூடாது. செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். “நாம பேசிக்கிட்டே இருந்தா ஆண்டவர் எப்பப் பேசுவாரு?” என்பார். என் கணக்கு வேறு. நான் வாயை மூடுகிறேன், நீர் என் பிள்ளையின் வாயைத் திறந்துவிடும். ஏலக்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

“நீங்களா? ரெண்டு நாளா?” மனைவி சிரித்துவிட்டாள். “பத்து நிமிஷம் தாங்கினா பெரிசு.”

எனக்குக் கிடைத்தது வராந்தாவில் கடைசிக்கு முந்தின அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் மரச் சிலுவை. முதல் நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். சந்தை இரைச்சலில் பிழைப்பவனுக்குத் தனிமையில் சொந்த மூச்சே சத்தமாகக் கேட்கிறது. என் மகள் தினமும் இப்படித்தானே இருக்கிறாள் என்று தோன்றியதும் அழுதுவிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம். வெளியே சுள்ளென்று வெயில். என்னால் முடியவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று முழங்கால் போட்டு, மெதுவாக வாய்விட்டே ஜெபித்தேன்.

“ஆண்டவரே, என் பிள்ளைக்குப் பேச்சைக் கொடும்.”

“ஆமென்.”

கடைசி அறைப் பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது. ஆண் குரல். கொஞ்சம் குழறல். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து அறைக்காரரும் என்னைப் போலத் திருட்டுப் பேர்வழிதான் போலிருக்கிறது. நம் பிள்ளைக்காக இன்னொருவரும் கூட நிற்கிறார் என்று தெம்பாகவும் இருந்தது.

மறுபடி ஜெபித்தேன். மறுபடி ஆமென்.

ஆனால் இந்தத் தடவை... நான் முடிப்பதற்கு முன்பே.

நிறுத்தினேன்.

டொக்.

டொக்... டொக்.

சுவரில் யாரோ தட்டினார்கள். தரையை ஒட்டி. அவ்வளவு கீழே தட்ட வேண்டுமென்றால் தரையில் படுத்திருக்க வேண்டும்.

பிறகு அந்தக் குரல் ஜெபிக்க ஆரம்பித்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. ஆனால் அது ஜெபம்தான். சபையில் வளர்ந்தவனுக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியும். ஏறி... இறங்கி... கெஞ்சி... நின்றது.

நின்றால் நாம் என்ன செய்வோம்? சின்ன வயதிலிருந்தே பழக்கம். யார் ஜெபித்தாலும், பாதித் தூக்கத்தில்கூட, வாய் தானாகச் சொல்லிவிடும்.

“ஆமென்” என்றேன்.

அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

தட்டுவது நின்றது.

ஒரு பெருமூச்சு.

சுவருக்கு அந்தப் பக்கம் அல்ல...

என் பிடரியில்.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். கடைசி அறைக் கதவில் பூட்டு. பூட்டெல்லாம் துரு.

வாசலில் செல்போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். அது கையிலேயே அடித்தது. மனைவி. அழுதுகொண்டே கத்தினாள்.

“என்னங்க! பாப்பா பேசிட்டா!”

பயம் எல்லாம் பறந்துவிட்டது. மௌனமாவது ஒன்றாவது, வாசலில் நின்று ஓவென்று அழுதேன்.

“என்ன சொன்னா? அப்பான்னா?”

“இல்லீங்க. தூங்கி எழுந்தா. செவுத்தைப் பார்த்து, ‘எவ்வளவு நேரம் தட்டினேன்... ஏன் யாரும் வரல’ன்னு கேட்டா. அவ்வளவு தெளிவா! கனவு கண்டிருப்பா போல.”

“எப்போ?”

“இப்பத்தான். மூணே கால் இருக்கும்.”

என் கைக்கடிகாரத்தில் மூன்று பதினெட்டு. நான் ஆமென் சொல்லி மூன்று நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

இல்லத்தில் சமைக்கும் அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி அறையில் யார் என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“அங்க யாரையும் விடறதில்ல தம்பி. முன்னாடி ஒருத்தர் இதே மாதிரி தியானத்துக்கு வந்தார். பக்கவாதம் வந்து விழுந்துட்டார். நாக்கு இழுத்துக்கிச்சு, கூப்பிட முடியல. உயிர் போறவரைக்கும் செவுத்தைத் தட்டிக்கிட்டே இருந்திருக்கார்.”

“யாருக்கும் கேக்கலையா?”

“கேட்டுதாம். மௌனத்தைக் கலைக்கக்கூடாதுன்னு ஒருத்தரும் எழுந்து போகல.”

இப்போது என் மகள் நன்றாகப் பேசுகிறாள். அப்பா அப்பா என்று வாய் ஓயாமல் கூப்பிடுகிறாள். லவுட்ஸ்பீக்கர் மகளாயிற்றே என்று மார்க்கெட்டில் கேலி செய்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அன்று சொன்ன ஆமெனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஜெபிக்க எத்தனையோ தடவை முழங்கால் போட்டிருக்கிறேன். முடியவில்லை. அவள் பேச்சும் போய்விட்டால்?

ஆனால் சில மத்தியானங்களில், சாப்பிட்டு முடித்ததும், அவள் சுவர் ஓரமாகத் தரையில் படுத்துக்கொள்கிறாள். குழறலாக எதையோ சொல்கிறாள். ஏறி... இறங்கி... கெஞ்சி...

நிறுத்துகிறாள்.

பிறகு என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள்.