மேலுமலை இறக்கத்துக்கு ரசூல் போட்ட பாட்டு

ஓசூர் ரிங் ரோட்டில் என் பஞ்சர் கடைக்கு அடுத்த கடை ரசூலுடையது. காருக்கு ஸ்பீக்கர் மாட்டுவான். குடும்பமாக ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பாட்டுத் தொகுத்து பென் டிரைவில் போட்டுக் கொடுப்பான், அதில்தான் அவனுக்குப் பேர். முதலில் சாமிப் பாட்டு. எந்தச் சாமி என்று கேட்டுத்தான் போடுவான். வீட்டில் கன்னடமா தெலுங்கா என்று விசாரித்து அதிலும் கலப்பான். வரிசை மட்டும் அவன் இஷ்டம். சூளகிரி வரை பிள்ளைகள் ஆடக் குத்துப்பாட்டு, மேலுமலை இறக்கத்தில் மெதுவான பாட்டு, கிருஷ்ணகிரி நெருங்கினதும் மறுபடி குத்து. "குத்துப்பாட்டு கேட்டா கால் தன்னால ஆக்சிலேட்டர மிதிக்கும்ணே" என்பான். அந்த இறக்கத்தில் கவிழ்ந்த வண்டிகளை நானும் பார்த்தவன்தான்.

போன ஞாயிறு அவன் மகள் மெஹக், அவன் போட்டுக் கொடுத்த பென் டிரைவோடு, கார் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி தாண்டிச் சாமல்பட்டிக்குக் கிளம்பினாள். புது லைசென்ஸ். பின் சீட்டில் ரசூல் பெண்டாட்டி ரோஷன் பீயும் பேரப்பிள்ளைகளும்.

என் கடையில் டயருக்குக் காத்திருந்த லாரிக்கார முனிவேலுக்குப் போன் வந்தது. பேசிவிட்டுச் சிரித்தான். "சூளகிரி பாலத்துல வேலையாம். ரொம்ப நேரம் நிறுத்தி வச்சுட்டு இப்பத்தான் விட்டானாம். அத்தனை வண்டியும் பறக்குதாம்."

பக்கத்தில் நின்ற ரசூல் முகம் செத்துவிட்டது. "நின்ன இடத்துலயே மெதுப்பாட்டெல்லாம் ஓடித் தீந்திருக்கும்ணே. இறக்கத்துல குத்துதான் வரும்."

"அப்போ போன் போடுடா!" என்றேன்.

"கார்ல கனெக்ட் ஆயிருக்கு. ரிங்கு ஸ்பீக்கர்ல அலறும். பயந்து பிரேக்க அமுக்கிட்டாள்னா? பின்னாடி லாரிங்க வருமே."

"உன் வீட்டுக்காரிக்குப் போடு."

"அவ போனு வீட்ல சார்ஜ்ல கெடக்கு."

"நல்லா கிளம்பினீங்க போ! போடாட்டி மட்டும் என்ன ஆகும்?"

ரசூல் போன் திரையில் மகள் பேரை வைத்துக்கொண்டு விரலைத் தூக்கியபடியே நின்றான்.

அந்த நேரம் அவளே கூப்பிட்டாள். போன் ஸ்பீக்கரை அமுக்கினான்.

"அத்தா, சூளகிரி தாண்டி ஓரமா நிக்கிறோம். மலைக்கு முன்னாடியே குத்துப்பாட்டு வந்திருச்சு. அத்தா இங்க இதப் போட மாட்டாரேன்னு ஆஃப் பண்ணிட்டேன். பின்னாடி புள்ளைங்க கத்துதுங்க, எதப் போட?"

"கத்தட்டும். ஒண்ணும் போடாத. ரெண்டாவது கியர்ல, லாரிக்கு இடம் விட்டு எறங்கு."

போனை வைத்தவன் கடைக்குப் போகவில்லை. ஸ்பீக்கர் மாட்ட வந்த ஆளை நான்தான் திருப்பி அனுப்பினேன். சாமல்பட்டி வந்தாச்சு என்று அவள் சொல்கிறவரை என் கடை டயர் மேலேயே உட்கார்ந்திருந்தான்.