மூன்றாவது கார்ட்ரிட்ஜ்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் காதுதான் சோறு போட்டது. குடிநீர் பம்ப் ஹவுஸில் மோட்டார் மெக்கானிக். ஓடுகிற மோட்டாரின் பேரிங் மேல் ஒரு கம்பியை ஊன்றி, மறு முனையைக் காதோடு வைத்துக் கேட்பார். "சுத்தம்" என்றால் ஓட்டுவார்கள். முகத்தைச் சுளித்தால் நிறுத்துவார்கள். எஞ்சினியர்கூட எதிர்த்துப் பேசமாட்டார்.

அந்த மிதப்பு வீட்டிலும் உண்டு. ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்குகிற கார்ட்ரிட்ஜ் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு பாட்டின் தொடக்கத்தில் வரும் சின்ன மணியோசை கேட்கவில்லை என்று அதை மாற்றினார். புதியதும் உருப்படியில்லை என்றார். மூன்றாவதையும் வாங்கிவிட்டு, மூன்றையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போச்சே என்று திட்டிக்கொண்டே போனேன்.

மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் கார்ட்ரிட்ஜை மாட்டி, ஊசியை இறக்கினார்.

"மணி கேக்குதா?"

"இல்லீங்க" என்றாள் அக்கா.

இரண்டாவதற்கும் அதே பதில். மூன்றாவதற்கும் அவள் உதட்டைப் பிதுக்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா உளறுற? மூணுலயும் கணீர்னு கேக்குதே! முதல்ல போட்டது கொஞ்சம் கூர்மையா இருக்கு, இது கொஞ்சம் மெத்துனு இருக்கு. அவ்ளோதான்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். அத்தான் ஊசியைத் தூக்கி நிறுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"உனக்கும் கேக்குதா?"

"எப்பவும் கேட்டுச்சுங்க." அவள் அழுதுவிட்டாள். "நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் சொல்லல."

"காது விஷயத்தை வேலை செய்ற இடத்துல சொல்லிடுங்க அத்தான்" என்றேன்.

"மோட்டார் சத்தம் வேற மாப்ள. அது எனக்குத் தெரியும்."

"அவரை விடுடா" என்றாள் அக்கா. இரண்டு பேர் மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

அந்த வாரமே ஒரு மோட்டாரில் கோளாறு. "என்னமோ கீச்சுனு கேக்குதுண்ணே" என்றாராம் எண்ணெய் போடும் ஹெல்பர். அத்தான் கம்பியை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். கீச்சு எதுவும் கேட்கவில்லை. "சுத்தம்" என்றார். அவர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? மத்தியானம் பேரிங் நொறுங்கி, சுழல்தண்டு பிய்த்துக்கொண்டு வந்ததில் ஹெல்பரின் வலது கை போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹெல்பரின் மனைவி அத்தானைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நீங்க கேட்டுப் பாத்தீங்கல்லண்ணே? அப்புறம் எப்படி?"

அக்கா முந்திக்கொண்டாள். "பேரிங் மட்டமான சரக்கும்மா. அவருக்கு எப்படித் தெரியும்?"

அத்தான் அக்காவை விலக்கினார்.

"தெரியும்மா" என்றார். "எனக்குக் காது சரியாக் கேக்கலைன்னு ஞாயித்துக்கிழமையே தெரியும்."