இரண்டு வாய் சொல்ல வேண்டியது

முடிச்சண்ணன் போட்ட முடிச்சை முடிச்சண்ணனே அவிழ்த்தால்தான் உண்டு. உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைக்கும் ஆட்களிடையே அவருக்கு அப்படியொரு பெயர். மனிதருக்கு அதில் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. மேலே நின்று அவர் கயிறு கட்டுவார். அதில் இறங்கித் துடைப்பவர் அவருடைய தங்கையின் கணவர்.

அந்தத் தொழிலில் இரண்டு சொற்கள் உண்டு. முடிச்சு விழுந்து கயிறு இறுகியதும் கட்டியவர் 'செக்யூர்' என்பார். கயிறு நழுவாது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. பிறகு இறங்கப்போகிறவர் வந்து, கயிறு கட்டிய தூணை உலுக்கி, அடியை உதைத்துப் பார்த்து 'சேஃப்' என்பார். ஆள் தொங்கலாம் என்று அர்த்தம். முதலாவது கயிற்றைப் பற்றியது, அடுத்தது உயிரைப் பற்றியது. இரண்டையும் ஒரே வாய் சொல்லக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். இரண்டுக்குமே 'பாதுகாப்பு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது வெட்டி வேலையாகத் தோன்றும். முடிச்சண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்று இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாப்பிள்ளை ஆசை ஆசையாக வீட்டுச் சுவருக்குப் பச்சை அடித்திருந்தார். "தவளை முதுகு மாதிரி இருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் முடிச்சண்ணன். அதிலிருந்து மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மொட்டை மாடியில் ஓர் இரும்புத் தூண். முடிச்சண்ணன் இறங்கும் கயிறு, காப்புக் கயிறு இரண்டையும் அதிலேயே கட்டி, "செக்யூர்" என்றார். மாப்பிள்ளை அசையவில்லை. மச்சான் பக்கத்தில் வந்து நிற்க அவருக்கு வீம்பு. வாங்க என்று கூப்பிட இவருக்கு வீம்பு. என் முடிச்சுக்கு என்ன குறைச்சல் என்று நினைத்து, "சேஃப்" என்பதையும் முடிச்சண்ணனே சொல்லித் தொலைத்தார். மாப்பிள்ளை வாய் திறக்காமல் விளிம்பைத் தாண்டி இறங்கினார்.

கயிறு விறைத்தது. முடிச்சு இம்மியும் நகரவில்லை. தூண் நகர்ந்தது. அடியில் துருப்பிடித்த போல்ட் ஒன்று தெறித்து விழுந்தது.

முடிச்சண்ணன் பாய்ந்தார். தூணைக் கட்டிப்பிடித்து, கைப்பிடிச் சுவரில் காலை ஊன்றிக்கொண்டு கத்தினார்.

"மாப்ளே! மேல வாங்க!"

பதில் இல்லை. காதில் விழவில்லையா, விழுந்தும் வீம்பா என்று தெரியவில்லை. தூண் இன்னும் சாய்ந்தது.

"ஐயோ மாப்ளே, சேஃப் இல்ல! நான் பாக்காமலே சொல்லிட்டேன்! உங்க கால்ல விழறேன், ஏறி வாங்க!"

கயிறு ஆடியது. தோள்மூட்டு கழன்றுவிடும்போல் வலித்தது. தங்கையின் முகம் கண்முன் வந்து நின்றது. அவளிடம் போய் என்னவென்று சொல்வது? கடைசியில் விளிம்பில் ஒரு கை தெரிந்தது, பிறகு ஹெல்மெட். மாப்பிள்ளை உள்ளே உருண்டு விழுந்த பிறகும் தூணைவிட்டுக் கையை எடுக்க முடிச்சண்ணனுக்குத் தைரியம் வரவில்லை.

மாப்பிள்ளை மூச்சு வாங்க எழுந்து வந்தார். பெயர்ந்து நின்ற அடியைக் குனிந்து பார்த்தார். முடிச்சண்ணன் வசவுக்குக் காத்திருந்தார். ஓர் அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

மாப்பிள்ளை அவருடைய விரல்களைத் தூணிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க மச்சான். அப்புறம் உங்க முகத்துலயே முழிக்க மாட்டா."

முடிச்சண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.