மூக்கர் பார்த்த மூன்றாவது வரிசை

எங்கள் தொழிற்சாலையில் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவோம். மோந்து பார்ப்பது அவர் வேலை. பீரங்கிக் குண்டுகளில் கடுகு வாயுவை அடைத்து வரிசையாக நிறுத்தி வைப்போம். பெயர்தான் வாயு, உள்ளே இருப்பது எண்ணெய் மாதிரி ஒரு திரவம். மேலே பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துக் கொப்புளம் எழும், கண் மூடிக்கொள்ளும், நெஞ்சு வெந்துபோகும். கசிந்தால் லேசாகப் பூண்டு வாடை அடிக்கும். அதைக் கண்டறியக் கருவி கேட்டு நான்கு முறை எழுதினோம், பதில் இல்லை. ஆகவே மூக்கர்.

போரில் இதைப் பயன்படுத்த மாட்டோம் என்று நாடுகள் கையெழுத்திட்டிருந்தன. செய்து வைக்கக் கூடாது என்று அந்தத் தாளில் இல்லை. அந்த இடுக்கில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

காலை ஏழேகாலுக்கு அவர் வரிசை வரிசையாகக் குனிந்து நடப்பார். வரிசை முடிந்ததும் கட்டைவிரலை உயர்த்துவார். பதிவேட்டோடு பின்னால் போகும் நான் ‘கசிவு இல்லை’ என்று எழுதுவேன். பதினோரு ஆண்டுகளில் அவர் பிடித்த கசிவுகள் நாற்பத்திரண்டு.

“மூக்கரே, மேனேஜர் எங்க இருக்கார்னு மோந்து சொல்லுங்க பார்ப்போம்” என்று ஃபிட்டர் சீண்டுவார்.

“வேலை நடக்கிற பக்கம் அவர் வாடையே இல்லப்பா.”

ஒரு திங்கட்கிழமை கேன்டீனில் பால் திரிந்திருந்தது. முதல் வாயிலேயே எல்லோரும் துப்பினோம். மூக்கர் மட்டும் முகம் சுளிக்காமல் முழு டம்ளரையும் குடித்தார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். “சளி சார். நாலு நாள்ல திரும்பிடும். சொல்லிடாதீங்க. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா என்னைக் குண்டு நிரப்புற ஹாலுக்குத் தள்ளிடுவாங்க. ரெண்டும் சின்னப் பிள்ளைங்க.”

நான் சொல்லவில்லை. மறுநாளும் கட்டைவிரல் உயர்ந்தது, நானும் எழுதினேன். அப்படிப் பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் காலை, அவர் மனைவியின் தங்கை கண் திறக்க முடியாமல், இரண்டு கைகளிலும் கொப்புளத்தோடு கிடந்தாள். குண்டுகளைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும் பிரிவில் இருந்தவள். முந்தைய நாள் துடைத்தது மூன்றாவது வரிசை. விசாரணைக்கு வந்த அதிகாரி என் பதிவேட்டைப் புரட்டினார், கசிவு இல்லை. ‘வீட்டில் கொதிநீர் பட்டிருக்கலாம்’ என்று எழுதிவிட்டுப் போனார். நானும் மூக்கரும் வாயைத் திறக்கவில்லை.

தொழிற்சாலையை மூடியபின், அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒரு மருத்துவமனை திறந்தார்கள். கசிவு பதிவேட்டில் இருந்தால்தான் அனுமதி. விபத்து நடந்து இருபத்தாறு ஆண்டு கழித்து மூக்கர் என் வீட்டுக்கு வந்தார்.

“அவளுக்கு மூச்சு விட முடியல சார். உங்க புத்தகம் சொன்னாத்தான் சேர்த்துப்பாங்களாம்.”

“என் புத்தகம் கசிவு இல்லைன்னு சொல்லுதே.”

“அதனாலதான் வந்தேன்.”

‘அந்தப் பத்தொன்பது நாள் பதிவும் நம்பத் தகாதது, தெரிந்தே எழுதினேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே அவரும் போட்டார். மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் கேட்டார்: “கசிஞ்சதுக்காவது கணக்கு இருக்கு. நான் விரலைக் காட்டி, கசியாம நல்லபடியா வெளிய போச்சே, அதெல்லாம் எங்க சார் வெடிச்சுது?” அனுப்பிய எண்ணிக்கை என்னிடம் இருந்தது. அவர் கேட்டது என்னிடம் இல்லை.

மூன்றாம் நாள் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். கட்டிலருகே உட்கார்ந்து மூக்கர் எல்லாவற்றையும் சொன்னார். திரிந்த பாலைக்கூட விடவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

“அன்னைக்கு எனக்குப் பூண்டு வாடை அடிச்சுது மாமா” என்றாள். “துணியைக் கீழ வெச்சுட்டேன். அப்புறம், நீங்க பார்த்துட்டுப் போன வரிசையாச்சே, நமக்கென்ன தெரியும்னு திரும்ப எடுத்துத் துடைச்சேன்.”

மூக்கர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவரைக் கூப்பிடச் சொல்லி அவள் என்னிடம் கை காட்டினாள். போய்க் கூப்பிட்டேன். அவர் வரவில்லை.