பியசீலி அக்கா இரண்டு முறை போன கிளினிக்

அக்குரஸ்ஸை பஸ் நிறுத்தத்தில் தேங்காய் ரொட்டி சுட்டு விற்ற பியசீலி அக்காவுக்கு ஊரில் யாரிடமும் பயமில்லை. நிறுத்தாமல் போகப் பார்க்கும் பஸ்ஸின் குறுக்கே கரண்டியோடு போய் நின்று, டிரைவரின் பரம்பரையையே விசாரிப்பாள். அதே அக்கா, மருத்துவச்சி ரம்யலதா மிஸ்ஸின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் கடைக்குப் பின்னால் போய் விறகு பொறுக்கத் தொடங்கிவிடுவாள்.

முப்பத்தைந்து வயதான பெண்களை மிஸ் வீடு தேடிவந்து கிளினிக்குக் கூப்பிடுவார். நோய் இருக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பை வாயில் கோளாறு ஏதும் தொடங்குகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள். அக்காவின் கூடப்பிறந்த மூத்தவள் ஹேமமாலி அந்த இடத்துப் புற்றுநோயில்தான் போனாள். தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. தனக்கும் அதுவேதான் என்று அக்கா உள்ளுக்குள் முடிவு செய்திருந்தாள். பார்க்காதவரை அது இல்லை என்று நினைப்பு.

ஒருநாள் மிஸ் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே வந்தார்.

"விறகு போதும் பியசீலி. புதன்கிழமை வா."

புதன்கிழமை காலையில் அக்கா எங்கள் வாசலில் நின்றாள். தங்கச்சி என்பதை அவள் நங்கி என்றுதான் சொல்வாள். "நங்கி, நீயும் வா. நான் ஓடப் பார்த்தா பிடிச்சு இழு." பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்த காலம் அது. எங்கே கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவேன்.

கிளினிக் பெஞ்சில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "என்ன ரொட்டிக்காரி, இன்னைக்குக் கடை லீவா?" என்றாள் ஒருத்தி.

"உன் புருஷன் ஒரு நாளாவது பட்டினி கிடக்கட்டும்னு மூடிட்டேன்."

பெஞ்சே குலுங்கியது. அக்காவின் கை மட்டும் என் மணிக்கட்டை விடவில்லை.

மிஸ் எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார், கடைசியாக மாதவிடாய் வந்த தேதி கேட்டார். பிறகு அக்கா திரைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரின் குரல் கேட்டது.

"என்னம்மா, மரமஞ்சள் வாசம் அடிக்குது?"

"வேகவச்ச தண்ணியால உள்ளேயும் நல்லாக் கழுவிட்டுத்தான் வந்தேன் டாக்டர். நீங்க பார்க்கிற இடமாச்சே, அப்படியே வரலாமா?"

"அடிப் பாவி! நான் எடுக்க வேண்டியதையெல்லாம் கழுவி ஊத்திட்டியே! சும்மா குளிச்சாப் போதும். உள்ளே எதுவும் விடக்கூடாது. அடுத்த மாசம் வா."

பெஞ்சில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் மரமஞ்சளோடுதான் வந்திருந்தார்கள்.

"திரும்பவா?" அக்காவின் குரல் உடைந்தது. "இன்னைக்கு வந்ததே எப்படின்னு எனக்குத் தெரியல டாக்டர்."

டாக்டர் அவளை அப்படியே அனுப்பிவிடவில்லை. மார்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு வாத்தின் அலகு போன்ற கருவியை அவள் கையிலேயே கொடுத்தார். "இதை உள்ளே வச்சு மெதுவா விரிப்பேன். சின்ன பிரஷ்ஷால தொட்டு எடுத்து, கண்ணாடித் துண்டுல பூசுவேன். வலிச்சா சொல்லு, நிறுத்திடுவேன்."

உள்ளே டக், டக் என்று திறந்து மூடும் சத்தம். "இதுக்கா இத்தனை நாள் விறகு பொறுக்கினேன்?" என்றாள் அக்கா.

அதன்பின் அந்த மாதம் முழுக்க அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை; வரமாட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் குறித்த புதன்கிழமை கடை மூடியிருந்தது. கிளினிக்குக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், என்னைக் கூப்பிடாமலே போய்த் திரைக்குள் இருந்தாள்.

"டாக்டர், இன்னைக்கு வெறும் தண்ணிதான். சத்தியமா!"

சிரிப்பு அடங்கியதும், "மூச்சை மெதுவா விடு" என்ற குரல் மட்டும் கேட்டது.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான் நங்கி." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "இவ்வளவுதான்னு தெரிஞ்சிருந்தா எங்கக்காவும் வந்திருப்பா."

பின்னாளில் எத்தனையோ ஊர்களில் இதே பரிசோதனைக்குத் தனியறைகளில் படுத்து நானும் மூச்சை மெதுவாக விட்டிருக்கிறேன். எல்லாம் சுத்தம், எல்லாம் அமைதி. திரைக்கு வெளியே கேலி பேச ஆளில்லாதது மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

அந்தப் புதன்கிழமைக்குச் சில வாரங்கள் கழித்து அக்காவின் பரிசோதனை முடிவு வந்தது. அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது மிஸ் கடைக்குள்ளேயே வந்து சொன்னார். "ஒண்ணும் இல்ல பியசீலி. நல்லா இருக்க."

அக்காவின் கை மாவிலேயே நின்றது. "இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்."

மிஸ் சொன்னார்.